கல்லூரிப் பெண்கள் கால்பந்தில் அடிதடி: யாருக்கு, எப்போது, என்ன தண்டனை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் ஒன்றில் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் குதிரைவால் சடையைப் பிடித்து இழுத்துத் தரையில் சாய்க்கும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2009-ல் நடந்தது அது. இன்னமும் யாராவது ஒருவர் புதிதாகப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பிவைக்கிறார், கூடவே ஒரு கேள்வியையும் சேர்த்து. பெண்கள் கால்பந்தை நான் விடாமல் பார்ப்பவள் என்பதால் இந்தச் சந்தேகங்கள் என்னிடம்தான் வந்து சேர்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலும் தந்திருக்கிறேன்.

அந்த வீடியோவில் என்னதான் நடந்தது? யார் அந்தப் பெண்?

2009 நவம்பர் 5 அன்று மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பு நடத்திய போட்டியின் அரையிறுதி. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகமும் யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகமும் மோதின. நியூ மெக்சிகோவின் தடுப்பாட்டக்காரர் எலிசபெத் லாம்பர்ட் அப்போது மூன்றாம் ஆண்டு மாணவி. முதுகில் முழங்கை இடி, முகத்தில் கைபட்ட ஓர் அடி, காலை வாரும் முரட்டுத் தடுப்புகள், எல்லாவற்றுக்கும் மேலாக எதிரணி முன்கள வீராங்கனையின் சடையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தது. தலை வெடுக்கென்று பின்னுக்குப் போய், அந்தப் பெண் மல்லாந்து விழுகிறாள்.

பிரிகாம் யங் 1-0 என்று வென்றது. ஆனால் அந்த கோலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆட்டத்தின் துண்டுக் காட்சிகளைச் சேர்த்து ஒட்டிய வீடியோ விளையாட்டுச் சானல்களிலும் இணையத்திலும் பரவியது. ஒன்றரை மணி நேர ஆட்டத்திலிருந்து மோசமான தருணங்களை மட்டும் எடுத்து அடுத்தடுத்து கோத்த வீடியோ அது. இடையில் இருந்த நிமிடங்கள், எதிர்த்தரப்பின் தள்ளுமுள்ளு எல்லாம் வெட்டப்பட்டுவிட்டன. அதற்காக, சடையை இழுத்தது இழுக்காததாகிவிடாது.

அவ்வளவு செய்தும் சிவப்பு அட்டை ஏன் இல்லை? நடுவர் தூங்கினாரா?

அன்று லாம்பர்ட்டுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மஞ்சள் அட்டை. அதுவும் சடைக்காக இல்லை. ஆட்டத்தின் பிற்பகுதியில் ஒரு வீராங்கனையை இடறி விழவைத்ததற்காக. சடையை இழுத்ததற்கு எந்த அட்டையும் வரவில்லை.

மைதானத்தில் ஒரு நடுவர், கோட்டோரத்தில் இரண்டு துணை நடுவர்கள். இருபத்திரண்டு பேரை இந்த மூவர் கவனிக்க வேண்டும். பந்து எங்கே போகிறதோ அங்கேதான் முதல் பார்வை போகும். பந்தை விட்டுத் தள்ளி நடக்கும் இடிகளும் இழுப்புகளும் அதனால்தான் தப்பிவிடுகின்றன. வீடியோவில் காமிரா நமக்காக அந்த இடத்தைப் பெரிதாக்கி, மெதுவாக்கிக் காட்டுகிறது. நடுவருக்கு அந்த வசதி இல்லை.

இருந்தாலும் நடுவர்களை முழுசாக விட்டுவிட எனக்கு மனமில்லை. கண்டுகொள்ளாமல் விட்ட முதல் இடிதான் அடுத்த இடிக்குத் துணிச்சல் தருகிறது. முதல் அரைமணி நேரத்திலேயே இரண்டு அணித் தலைவிகளையும் கூப்பிட்டுக் கண்டித்து, ஓர் அட்டையையும் காட்டியிருந்தால் பல ஆட்டங்கள் அடங்கிவிடும்.

மஞ்சள் எதற்கு, சிவப்பு எதற்கு? ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொரு மாதிரி கொடுக்கிறாரே?

ஆட்ட விதிகளில் ஃபவுலுக்கு மூன்று படிகள் இருக்கின்றன. கவனக்குறைவால் இடித்தால் ஃப்ரீ கிக் மட்டும், அட்டை கிடையாது. எதிராளிக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் பாய்ந்தால் மஞ்சள். தேவைக்கு மீறிய பலத்தைப் பயன்படுத்தி எதிராளியின் உடம்புக்கே ஆபத்து உண்டாக்கினால் சிவப்பு. ஒரே ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் வாங்கினாலும் சிவப்புதான்.

சிவப்பு வாங்கியவர் வெளியேற வேண்டும். அவருக்குப் பதில் ஆள் இறக்க முடியாது. மீதி ஆட்டம் முழுக்க அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். படிகள் மூன்றும் தெளிவாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு மோதல் எந்தப் படியில் விழுகிறது என்று முடிவு செய்ய நடுவருக்கு ஒரு நொடிதான் கிடைக்கிறது. நீங்கள் பார்க்கும் வேறுபாடு அங்கேதான் வருகிறது.

பந்துக்காகப் பாய்ந்து காலை உடைப்பதும், பந்தே இல்லாத இடத்தில் அடிப்பதும் ஒன்றுதானே? ரெண்டுக்கும் சிவப்புதானே?

அட்டை ஒன்றுதான், குற்றம் வேறு. பந்துக்காகப் போட்டியிடும்போது அளவு மீறிய பலத்தைக் காட்டினால் அது கடுமையான முறையற்ற ஆட்டம். பந்துக்கான போட்டியே இல்லாதபோது எதிராளியையோ, தன் அணிக்காரரையோ, நடுவரையோ, வேறு யாரையுமோ அடித்தால் அது வன்முறை நடத்தை. அடி விழ வேண்டும் என்றுகூட இல்லை, ஓங்கினாலே போதும். முகத்தில் அல்லது தலையில் வேண்டுமென்றே கையால் அடிப்பதும் வன்முறைதான். பட்டும் படாமல் தொட்ட அளவுக்கு மெல்லியதாக இருந்தால் மட்டும் விலக்கு.

ஆட்டத்துக்குப் பிறகு ஒழுங்குக் குழுக்கள் தடைக்காலத்தை நிர்ணயிக்கும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிறது. பந்துக்காகப் போனவருக்கு ஆட்ட வேகத்தில் நடந்தது என்று சொல்ல ஓர் இடம் உண்டு. பந்தில்லாமல் அடித்தவருக்கு அந்த இடம் கிடையாது.

முடியை இழுக்கக்கூடாது என்று விதியில் எங்கே எழுதியிருக்கு?

ஆட்ட விதிகளில் முடியென்று தனியாக ஒரு வரி கிடையாது. அதனால் நடுவர் அதை முன் பதிலில் சொன்ன வன்முறை நடத்தையாகவோ, வெறும் பிடித்து இழுத்தலாகவோ பார்க்கலாம். இந்த இடைவெளிதான் இத்தனை ஆண்டுகளாகக் குழப்பத்துக்குக் காரணம். குகுரேயா என்ற ஒரே ஆட்டக்காரரின் நீண்ட சுருட்டை முடி இதற்குச் சரியான சான்று. ஆண்கள் கால்பந்தில், இங்கிலாந்துக் கிளப்பான செல்சியின் மார்க் குகுரேயாவை 2022 ஆகஸ்ட் 14 அன்று டாட்டன்ஹாமின் கிறிஸ்டியன் ரொமேரோ முடியைப் பிடித்து இழுத்தார். அட்டையே இல்லை. தொடர்ந்து வந்த கார்னரில் டாட்டன்ஹாம் சமன் செய்தது. திரையில் காட்சிகளைப் பார்த்துக் களநடுவருக்கு உதவும் வீடியோ நடுவராக அன்று இருந்த மைக் டீன், களநடுவரைத் திரையைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். 2024 டிசம்பரில் அதே குகுரேயாவின் முடியை சவுத்தாம்ப்டனின் ஜாக் ஸ்டீவன்ஸ் இழுத்தபோது நேராகச் சிவப்பு வந்தது.

பெண்கள் ஆட்டத்தில் இப்போது எல்லோரும் நினைவுகூர்வது 2025 ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதி. பாசல் நகரில் பிரான்சும் ஜெர்மனியும் ஆடின. பதின்மூன்றாம் நிமிடத்தில் ஜெர்மனியின் காத்ரின் ஹென்ட்ரிக், பெனால்டி பகுதிக்குள் கிரீஜ் எம்பாக்கின் சடையை இழுத்தார். களநடுவர் கண்ணில் படவில்லை. வீடியோ நடுவர் பிடித்தார். சிவப்பு அட்டை, பெனால்டி, பிரான்சுக்கு ஒரு கோல். மீதி ஆட்டமும் கூடுதல் நேரமும் பத்துப் பேரோடு தாக்குப்பிடித்த ஜெர்மனி 1-1 என்று நிறுத்தி, பெனால்டிகளில் 6-5 என்று வென்றது. ஹென்ட்ரிக் அரையிறுதி ஆட முடியவில்லை. 2009-ல் அட்டையே கிடைக்காத அதே செயல், 2025-ல் ஓர் அணியை நூறு நிமிடத்துக்கும் மேல் பத்துப் பேராக ஓடவிட்டது.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு மட்டும் தனி விதிப் புத்தகமா?

ஆமாம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. தனக்கென்று ஒரு விதிப் புத்தகம் வைத்திருக்கிறது. அடிப்படை உலக விதிகள்தான். சில இடங்களில் விலகுகிறது. வெளியே போன ஆட்டக்காரர் சில நிபந்தனைகளோடு திரும்ப வரலாம், கடிகாரம் பின்னோக்கி ஓடும், இப்படி. ஒழுங்கு விஷயத்திலும் சொந்தப் பட்டியல் உண்டு. பெண்களுக்கான முதல் என்.சி.ஏ.ஏ. கால்பந்து சாம்பியன்ஷிப் 1982-ல்தான் நடந்தது, வட கரோலினா வென்றது. 1972-ல் வந்த ஒன்பதாம் பிரிவுச் சட்டம் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுத்ததால்தான் இந்த அணிகள் பெருகின. இன்று உயர்மட்டமான முதல் பிரிவில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள் இருக்கின்றன.

சரி, கல்லூரி ஆட்டத்தில் சிவப்பு வாங்கினால் எத்தனை ஆட்டம் போகும்?

அன்றைய ஆட்டத்திலிருந்து வெளியே, அதோடு குறைந்தது அடுத்த ஆட்டமும் போச்சு. அடிதடிக்காக வெளியேற்றப்பட்டால் கணக்கு இன்னும் கடுமை. கோபத்தோடு வேண்டுமென்றே ஒருவரை அடிப்பதும், குத்துவதும், அப்படிச் செய்ய முயல்வதும் அடிதடியில் சேரும். ஒரே பருவத்தில் இரண்டாம் முறை அடிதடியில் சிக்கினால் அந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்கள் முழுக்கத் தடை, நாடளாவிய சாம்பியன்ஷிப் உட்பட. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் சண்டைக்குள் ஓடிவந்து சேர்ந்தால் அவரும் வெளியே.

மஞ்சளும் சேமிப்பில் போகும். பருவம் முழுக்க ஐந்து மஞ்சள் சேர்ந்துவிட்டால் ஓர் ஆட்டத் தடை. அதனால் நவம்பர் மாதம் வந்துவிட்டால் கோச்சுகள் யார் கணக்கில் எத்தனை மஞ்சள் என்று எண்ணிக்கொண்டே இருப்பார்கள். ஒரு கல்லூரிப் பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பருக்குள், கடைசிச் சில அணிகளுக்கு மட்டும் டிசம்பர் தொடக்கம் வரை, ஓடி முடிந்துவிடும். இவ்வளவு குறுகிய பருவத்தில் இரண்டு ஆட்டம் போவது பெரிய இழப்பு. தொழில்முறை லீக்கில் பத்து மாதம் ஆடுபவருக்கு அதே இரண்டு ஆட்டம் அவ்வளவாக வலிக்காது.

லாம்பர்ட்டுக்கு ஆட்டத்தில் சிவப்பே இல்லையே, அப்புறம் எப்படித் தடை வந்தது?

மறுநாளே அவருடைய கோச் கிட் வேலா அவரைக் காலவரையின்றி இடைநீக்கம் செய்தார். பயிற்சி, ஆட்டம் இரண்டிலிருந்தும் விலக்கு. லாம்பர்ட் தன் செயலுக்கு முழு மனதோடு வருந்துவதாகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு மீண்டும் அணியில் சேர்க்கப்பட்டு, 2010 பருவத்தில் ஆடினார்.

கல்லூரி விளையாட்டில் தண்டனை நான்கு கைகளிலிருந்து வரலாம். முதலில் நடுவர், மைதானத்தில். அப்புறம் என்.சி.ஏ.ஏ. விதிப் புத்தகம் தானாகவே விதிக்கும் தடை. மூன்றாவது கான்ஃபரன்ஸ், அதாவது அந்த அணி சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு. ஆட்டத்துக்குப் பிறகு வீடியோ பார்த்துக் கூடுதல் தடையோ கண்டனமோ போடும் அதிகாரம் அதற்கு உண்டு. கடைசியாகக் கல்லூரியும் கோச்சும். நடுவர் தவறவிட்டதைக் கோச் பிடிக்க முடிவது இதனால்தான். கோச்சுக்கு விதிப் புத்தகம் எதுவும் தேவையில்லை. யாரை ஆடவிடுவது என்பது அவர் கையில்.

இந்த நான்காவது கையைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. காலவரையின்றி என்றால் எத்தனை நாள் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியாது, பார்ப்பவர்களுக்கும் தெரியாது. ஊடகச் சத்தம் அடங்கும்வரை என்றுதான் அது பல நேரங்களில் பொருள்படுகிறது. இன்ன செயலுக்கு இத்தனை ஆட்டம் என்று முன்கூட்டியே எழுதிவைத்த தண்டனையே நியாயமானது, தண்டிக்கப்படுபவருக்கும், அடிபட்டவருக்கும்.

நடுவர் பார்க்கலைன்னா உடனே வீடியோவைப் பார்த்துத் திருத்த முடியாதா?

2009-ல் அதற்கு வழியில்லை. உலக விதிகளில் வீடியோ நடுவர் முறை 2018-ல்தான் இடம்பிடித்தது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு, ஆள் மாறி அட்டை காட்டுவது என்று நான்கு விஷயங்களில் மட்டும் அது அப்போது தலையிடும்படி இருந்தது. பொதுவாக ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பழையதைக் கிளற முடியாது. ஆனால் அடித்தல், கடித்தல், துப்புதல் போன்ற வன்முறைக்கு விலக்கு உண்டு: ஆட்டம் தொடங்கிய பிறகும் நடுவர் திரும்பிப் போய்ச் சிவப்புக் காட்டலாம்.

கல்லூரி ஆட்டத்திலும் இப்போது வசதியுள்ள மைதானங்களில் நடுவர் திரையைப் பார்க்கலாம். அடிதடி நடந்ததா, அதில் யார் யார் சேர்ந்தார்கள் என்று உறுதிசெய்வது அதன் அனுமதிக்கப்பட்ட பயன்களில் ஒன்று. எல்லா மைதானத்திலும் நாலு காமிரா இருக்காது என்பதை மறக்க வேண்டாம். சின்னக் கல்லூரியின் மைதானத்தில் ஒரே காமிரா பந்தைத் துரத்திக்கொண்டிருக்கும். பந்தில்லாத இடி அதிலும் பதிவாகாது.

எதிரணிப் பெண்ணும் முதலில் சீண்டினாளாமே? அவளுக்கு ஒன்றும் இல்லையா?

அந்த ஆட்டத்தில் இரு தரப்பும் இடித்துக்கொண்டார்கள். தன்னுடைய கால்சட்டையை எதிராளி பிடித்து இழுத்ததும் அதற்குப் பதிலாகத் தான் சடையை இழுத்ததும் நடந்ததாக லாம்பர்ட் தரப்பில் சொல்லப்பட்டது. விதியைப் பொறுத்தவரை சீண்டல் தனிக் குற்றம், பதிலடி தனிக் குற்றம். ஒன்று மற்றதை ரத்து செய்யாது. நடுவர் இரண்டையும் பார்த்தால் இருவருக்கும் அட்டை.

ஆண்கள் கால்பந்தின் பெரிய சான்று 2006 உலகக் கோப்பை இறுதி. மார்கோ மாத்தராட்சியின் மார்பில் தலையால் முட்டிய ஜினதீன் ஜிதான் சிவப்பு வாங்கினார். ஃபிஃபா பிறகு விசாரித்து ஜிதானுக்கு மூன்று ஆட்டத் தடையும் 7,500 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும், வாயால் சீண்டிய மாத்தராட்சிக்கு இரண்டு ஆட்டத் தடையும் 5,000 ஃபிராங்க் அபராதமும் விதித்தது. ஜிதான் ஓய்வு பெற்றுவிட்டதால் தடைக்குப் பதில் சமூக சேவை செய்தார். சீண்டியவரையும் தண்டித்த இந்த முடிவு எனக்குப் பிடிக்கும். கல்லூரி ஆட்டங்களில் பதிலடி கொடுத்தவர் மட்டும் காமிராவில் சிக்கி, சீண்டியவர் நழுவிவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

இதையே ஒரு பையன் செய்திருந்தால் இவ்வளவு பேசியிருப்பார்களா?

அதே 2009 இலையுதிர் பருவத்தையே எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 3 அன்று அமெரிக்கன் ஃபுட்பால் என்ற, கால்பந்திலிருந்து வேறுபட்ட ஆட்டம் ஒன்று முடிந்ததும் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் லகாரெட் பிளௌன்ட் எதிரணிக்காரர் முகத்தில் குத்தினார். பருவம் முழுக்க இடைநீக்கம் என்றார்கள். நவம்பரிலேயே திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அக்டோபர் 31 அன்று ஃபுளோரிடாவின் பிராண்டன் ஸ்பைக்ஸ் ஒருவரின் தலைக்கவசத்துக்குள் விரலை விட்டுக் கண்ணைக் குறிவைத்தார். கோச் முதலில் கொடுத்தது பாதி ஆட்டத் தடை. விமர்சனம் எழுந்த பிறகு ஸ்பைக்ஸே முழு ஆட்டம் வெளியே உட்காருவதாகச் சொன்னார். அதிலிருந்து ஐந்தே நாளில் லாம்பர்ட் சம்பவம். கண்ணுக்குள் விரல் விட்டவருக்குப் பாதி ஆட்டம் போதும் என்று ஒரு கோச் நினைத்தார் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆண்களும் கண்டிக்கப்பட்டார்கள்தான். ஆனால் அவர்களைப் பற்றிய பேச்சு தண்டனை போதுமா என்பதில் நின்றது. லாம்பர்ட் விஷயத்தில் ஒரு பெண் இப்படிச் செய்வாளா என்ற அதிர்ச்சி முதலில் வந்தது. அப்புறம் இரண்டு பெண்கள் முடிபிடிச் சண்டை போடுகிறார்கள் என்ற வக்கிரமான ரசனையும் வந்தது. அவருக்கு வந்த செய்திகளில் வன்முறை மிரட்டல்களும் இருந்தன, காதல் அழைப்புகளும் இருந்தன. இரண்டுமே அவரை ஆட்டக்காரராக மதிக்காதவர்கள் அனுப்பியவை. பெண்களின் ஆட்டமும் உடல் மோதும் ஆட்டம்தான் என்பதை மக்கள் எதிர்பார்ப்பதில்லை என்று அவர் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் சொன்னார். அதில் உண்மை இருக்கிறது.

பெண்களிலேயே வேறு யாரையாவது இப்படித் தண்டித்திருக்கிறார்களா?

நான்கு மாதம் கழித்து, 2010 மார்ச்சில், கூடைப்பந்தில் பேய்லர் பல்கலைக்கழகத்தின் பிரிட்னி கிரைனர் டெக்சாஸ் டெக் வீராங்கனையை முகத்தில் குத்தினார். மூக்கு உடைந்தது. என்.சி.ஏ.ஏ. விதிப்படி தானாகவே ஓர் ஆட்டத் தடை. கோச் கிம் மல்கி மேலும் ஓர் ஆட்டம் சேர்த்தார். மொத்தம் இரண்டு ஆட்டம், அவ்வளவுதான். நான்கு கைகள் என்று மேலே சொன்னேனே, அதில் இரண்டு கைகள் ஒரே சம்பவத்தில் வேலை செய்ததை இங்கே தெளிவாகப் பார்க்கலாம். எலும்பு உடைந்த அடிக்கு இரண்டு ஆட்டம், எலும்பு உடையாத இழுப்புக்குக் காலவரையற்ற தடை என்பதுதான் முன்கூட்டி எழுதிவைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லக் காரணம்.

ஸ்காலர்ஷிப் போயிடுமா?

ஒரு சிவப்பு அட்டைக்காகப் போகாது. கடும் ஒழுங்கீனம் என்று பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒழுங்குக் குழு முடிவு செய்தால் உதவித்தொகையை ரத்து செய்ய விதி இடம் தருகிறது. மாணவிக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 2009 காலத்தில் உதவித்தொகை ஓராண்டுக்குத்தான் தரப்பட்டது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ரத்து செய்யாமலே புதுப்பிக்காமல் விட்டுவிடலாம் என்ற பயம் அப்போது உண்மையானது. 2012 முதல் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துத் தர அனுமதி வந்தது.

அடித்தால் போலீஸ் கேஸ் ஆகாதா? தெருவில் செய்தால் உள்ளே தள்ளுவார்களே?

மைதானத்தில் இறங்குபவர் ஆட்டத்தின் இயல்பான மோதலுக்குச் சம்மதித்தே இறங்குகிறார் என்று சட்டம் கருதுகிறது. அதனால் காவல்துறை வழக்கு அரிது. ஆனால் அந்தச் சம்மதத்துக்கு எல்லை உண்டு.

இல்லினாய் மாநிலத்தில் 1975-ல் முடிவான நபோஸ்னி எதிர் பார்ன்ஹில் வழக்கு இதில் முன்னோடி. உயர்நிலைப்பள்ளி வயதுப் பையன்களின் கால்பந்து ஆட்டம். கோல்கீப்பர் பெனால்டி பகுதிக்குள் ஒரு முழங்காலை ஊன்றிப் பந்தை மார்போடு அணைத்திருந்தபோது எதிரணிக்காரர் அவர் தலையில் உதைத்தார். மண்டையில் கடும் காயம். ஆட்டக்காரர்களைப் பாதுகாக்கும் ஒரு விதியை வேண்டுமென்றே, அல்லது அடுத்தவர் பாதுகாப்பைத் துளியும் மதிக்காமல் மீறினால் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வெறும் கவனக்குறைவுக்கு வழக்கு நிற்காது. முன்னே பார்த்த மூன்று படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றமும் கிட்டத்தட்ட அதே படிகளில்தான் ஏறுகிறது.

எல்லாம் பார்த்தால், லாம்பர்ட்டுக்குக் கிடைத்தது சரியான தண்டனையா, அதிகமா?

ஆட்டத் தடை சரியே. பின்னாலிருந்து சடையை இழுத்தால் கழுத்து எலும்புக்கே ஆபத்து. வருவதைப் பார்க்க முடியாத ஒருவர் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. அவரிடம் மன்னிப்பும் தடையும் எதிர்பார்ப்பது நியாயம். என் கணக்கில், அன்றே சிவப்பும் அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் சில ஆட்டத் தடையும் போதுமானதாக இருந்திருக்கும்.

அதற்கு மேல் விழுந்தது தண்டனையில் சேராது. ஒரு மாணவியின் பெயரைத் தட்டினால் இன்றைக்கும் அந்த ஒரு வீடியோதான் முதலில் வருகிறது. பிளௌன்டும் கிரைனரும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். அவர்கள் பெயரைச் சொன்னால் பேச அதற்கப்புறம் ஆடிய ஆட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலான கல்லூரி வீராங்கனைகளுக்கு நாலு ஆண்டோடு ஆட்டம் முடிந்துவிடும். மோசமான ஒரு நாளை மூடி மறைக்க அவர்களிடம் வேறு பிரபலமான நாள் இல்லை. அந்த வீடியோவை எனக்கு அனுப்புபவர்களிடம் நான் முதலில் சொல்வது, சிரிப்பு வரிகளோடு இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள் என்பதைத்தான்.

என் மகள் காலேஜ் டீமில் ஆடுகிறாள். எதிராளி முடியை இழுத்தாலோ, பந்து இல்லாதபோது இடித்தாலோ அவள் என்ன செய்யணும்?

திருப்பி அடிக்கக்கூடாது, சீண்டல் பற்றிய பதிலில் சொன்னபடி இரண்டாவது அடிதான் பெரும்பாலும் நடுவர் கண்ணில் படும். தன் அணித் தலைவியிடம் உடனே சொல்லட்டும். தலைவி ஆட்டம் நின்ற நேரத்தில் நடுவரிடம் போய், எதிராளியின் எண்ணைக் குறிப்பிட்டு, பந்தில்லாத இடத்தில் கவனியுங்கள் என்று அமைதியாகக் கேட்கட்டும். அந்தப் பக்கத் துணை நடுவரிடமும் சொல்லலாம். சத்தம் போட்டால் எதிர்ப்புத் தெரிவித்ததாக மஞ்சள் உங்கள் பக்கம் வரும்.

கழுத்து வலித்தாலோ, தலை சுற்றினாலோ ஆட்டத்தைத் தொடரவேண்டாம், வெளியே வந்துவிட வேண்டும். மூளை அதிர்ச்சியைச் சாதாரண மயக்கம் என்று விட்டுவிடக்கூடாது. ஆட்டம் முடிந்ததும் கோச் வழியாக நடத்துபவர்களுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்: எந்த நிமிடம், எந்த எண், என்ன நடந்தது, யார் பார்த்தது. காட்சி பதிவாகியிருந்தால் வெட்டாத முழு ஆட்டத்தையும் கொடுங்கள். நடுவர் அறிக்கையில் ஏறாத சம்பவத்துக்கு அந்தப் பதிவுதான் ஒரே சாட்சி. அதை முதலில் குழுவிடம் கொடுங்கள், இணையத்தில் போடாதீர்கள். அப்புறம் ஒன்று, சடையைக் கொண்டையாகச் சுருட்டிக் கட்டினால் பிடிக்க வாகாக இருக்காது. பல வீராங்கனைகள் இப்போது அப்படித்தான் ஆடுகிறார்கள்.